தோள்மூட்டு இறுகினால்: கை தூக்க முடியாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சாரிச் சட்டையின் பின்பக்கக் கொளுக்கியைப் பூட்டுவதற்காக இடக்கையை முதுகுப் பக்கம் கொண்டுபோன ஒரு காலையில்தான், என் தோளில் ஏதோ பிழைத்துவிட்டது என்பதை முதன்முதலில் உணர்ந்தேன். இடுப்புவரை போன கை அதற்கு மேல் ஏறவில்லை. சற்றுத் தெண்டித்தபோது தோளின் வெளிப்புறத்திலிருந்து முழங்கைவரை நோவு வெட்டி ஓடியது; மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளியதால் வந்த பிடிப்பு என்று எண்ணி இரண்டு மாதம் எண்ணெய் பூசினேன். மூன்றாம் மாதத்தில் தலை பின்னவும், மினிபஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்கவும், நல்லூரில் தலைக்கு மேல் கை குவித்துக் கும்பிடவும் முடியாமல் போன பிறகுதான் வைத்தியரிடம் போனேன். அந்த மாதங்களில் நான் விட்ட பிழைகளை இன்னொருவர் விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வருத்தத்தில் எல்லோரும் விடும் பிழை இரண்டு. நோவு கொதித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் கையை இழுத்தும் முறுக்கியும் ‘எடுத்துவிட’ முயல்வது ஒன்று. நோவு அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகும் பயத்தினால் கையை உடலோடு அணைத்தே வைத்திருப்பது மற்றது. முதற்பிழை நோவை மாதக்கணக்கில் நீட்டும், இரண்டாவது இறுக்கத்தை நீட்டும். ஆகவே எந்த மருந்து, எந்த எண்ணெய், எந்தப் பயிற்சி என்று கேட்பதற்கு முன்னர், நான் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் அனைத்தும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

தோளுக்குள் என்ன நடக்கிறது

வைத்தியர்கள் இதனை ‘புரோசன் ஷோல்டர்’ என்பார்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் கொட்மன் 1934 ஆம் ஆண்டில் இந்தப் பெயரை இட்டார். விளக்குவதற்கும் குணப்படுத்துவதற்கும் கடினமான வருத்தம் இது என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். சித்த வைத்தியத்தில் கும்பவாதம் என்று சொல்லப்படுவதன் குறிகுணங்கள் பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகின்றன. ஜப்பானியர் இதை ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று அழைக்கிறார்கள், அது பொருத்தமான பெயர்தான்: 40 இற்கும் 60 இற்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதலாக, பெரும்பாலும் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லாமலே இது வருகிறது.

தோள்மூட்டு என்பது கிண்ணத்தில் இருக்கும் பந்து போன்றது. அதனைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. சாரிச் சட்டை தைப்பவர் கை தாராளமாக உயரவேண்டும் என்பதற்காகக் கமக்கட்டுப் பக்கத்தில் கொஞ்சத் துணியைத் தளர்வாக விடுவார் அல்லவா, அதுபோல மூட்டுறையும் கமக்கட்டுப் பக்கத்தில் மடிப்பாகத் தொங்கும். கையை உயர்த்தும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். இந்த வருத்தத்தில் உறை முதலில் அழற்சி கண்டு சிவக்கிறது, பின்னர் தடித்துச் சுருங்கி, அந்த மடிப்பே இல்லாமல் போய்விடுகிறது. எலும்பு விலகவில்லை, நரம்பு ஏறவில்லை, தசை பிசகவில்லை. தளர்வாக இருந்த உறை இறுகிவிட்டது, அவ்வளவே. ‘மூட்டைப் பூட்டிவிடுகிறேன்’ என்று யாராவது முன்வந்தால் இதை நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் பூட்டுவதற்கு அங்கே கழன்றது எதுவும் இல்லை.

சலரோகம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இது மிகவும் கூடுதலாக வருகிறது. பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் வருத்தம், சலரோகக்காரரில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு வருகிறது. அவர்களுக்கு இறுக்கமும் கடுமையாக இருக்கும், குணமாகவும் கூடிய நாள் எடுக்கும். தைரொயிட் குறைபாடுகள் உள்ளவர்களும், பாரிசவாதம், மார்புச் சத்திரசிகிச்சை, கைமுறிவு போன்ற காரணங்களால் கையை வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தவர்களும் அடுத்தபடியாக உள்ளனர். எனவே தோள் இறுகியவர் ஒருவருக்கு இதுவரை சீனி பார்க்கப்படவில்லை என்றால், இந்த வாரமே வெறுவயிற்றுச் சீனியையும் மூன்று மாதச் சராசரிச் சீனியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சலரோகம் இருப்பதையே தோள்நோவால் அறிந்துகொண்டவர்கள் உண்டு.

வருத்தம் மூன்று கட்டங்களாகப் போகிறது. முதலாவது நோவுக் கட்டம், ஏறத்தாழ 2 முதல் 9 மாதம்: இரவில் நோவு கூடும், அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது, எதிர்பாராமல் கையை உதறினால் கண்ணில் நீர் வரும், அசைவும் நாளுக்கு நாள் குறையும். இரண்டாவது இறுக்கக் கட்டம், 4 முதல் 12 மாதம்: நோவு தணிந்து அசைவின் எல்லையில் மட்டும் இழுக்கும், ஆனால் கை மரக்கொப்புப் போல நிற்கும். மூன்றாவது இளகும் கட்டம். இது 5 மாதத்திலும் முடியலாம், 2 ஆண்டும் எடுக்கலாம். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளை யாரும் குறித்துக்காட்ட முடியாது, ஆயினும் ஓர் எளிய அடையாளம் உண்டு. கை சும்மா இருக்கும்போதும் நொந்தால் நீங்கள் முதற்கட்டத்தில் இருக்கிறீர்கள்; அசைவின் கடைசி எல்லையில் மட்டும் நொந்தால் இரண்டாவதில் இருக்கிறீர்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

கண்ணாடிக்கு முன்னால் நேராக நின்று, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, முன்னங்கைகளைத் தட்டம் ஏந்துவதுபோல முன்னால் மடித்து நீட்டுங்கள். முழங்கைகள் விலாவை விட்டு விலகாதபடி இரு கைகளையும் இரட்டைக் கதவைத் திறப்பதுபோல வெளிப்புறமாகத் திருப்புங்கள். சுகமான கை தாராளமாகத் திறக்கும். இறுகிய தோளின் கை முன்பக்கம் பார்த்தபடியே நின்றுவிடும். பின்னர் உங்களைச் சார்ந்த ஒருவரை அந்தக் கையை மெதுவாக வெளியே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில் தடுத்து நின்றால் அது பெரும்பாலும் மூட்டுறை இறுக்கம். நீங்களாக அசைக்க முடியாத கையை மற்றவர் இலகுவாக அசைக்கக் கூடியதாக இருந்தால், தசைநாண் கிழிவு போன்ற வேறொன்றாக இருக்கலாம், அதற்குரிய சிகிச்சையும் வேறு. இந்தச் சோதனை வைத்தியரின் முடிவுக்கு ஈடாகாது. என்றாலும் வைத்தியரிடம் சொல்வதற்கு உங்களிடம் ஒரு தெளிவான செய்தி இருக்கும்.

சில தோள்நோவுகளை ஒருநாளும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு தோளும் கையும் நொந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பயிற்சியும் எண்ணெயும் பார்த்துக்கொண்டிராமல் உடனே 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலவச நோயாளர் காவுவண்டியை அழையுங்கள். விழுந்த பின்னர் கை தூக்க முடியாமல் போனால், மூட்டு வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் இருந்தால், கை விறைத்துப் பலம் குறைந்தால், உடல் மெலிந்துகொண்டே வந்தால், முன்பு புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவராக இருந்தால், தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

எங்கே போவது, என்ன கேட்பது

முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ போனால் போதும். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, வீட்டுக்கு எது கிட்டவோ அங்கே போங்கள். இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபிக்கு) அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும் என்பதால் தூரம் முக்கியம். அரச வைத்தியசாலையில் இவை அனைத்தும் இலவசம். கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகளின் விபரம், கடைசியாகப் பார்த்த சீனி அளவு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சட்டையைச் சிரமமின்றிக் கழற்றக் கூடியவாறு முன்பக்கம் திறக்கும் உடுப்பையே போட்டுக்கொண்டு போங்கள். இது சிறிய விடயமாகத் தோன்றலாம், ஆனால் மறைப்புக்குப் பின்னால் நொந்த கையோடு சட்டையைக் கழற்றப் போராடியவருக்கு அதன் பெறுமதி தெரியும்.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், ‘இல்லாத வருத்தத்தைச் சொல்கிறீர்கள்’ என்று வீட்டார் சொல்லவும் வேண்டாம். மூட்டுறை எக்ஸ்ரேயில் தெரியாது. தேய்வு, கல்சியப் படிவு, முறிவு போன்றவை இல்லை என்று உறுதிப்படுத்தவே அது எடுக்கப்படுகிறது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான் தேவைப்படாது. வைத்தியரிடம் நீங்கள் கேட்கவேண்டியவை மூன்று: இது எந்தக் கட்டம், இந்தக் கட்டத்தில் ஊசி உதவுமா, இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தருவீர்களா. நான் முதல் தடவை போனபோது மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் மாத்திரையோடு திரும்பி வந்தேன். அதனால் ஒன்றரை மாதம் வீணாகியது.

நோவுக் கட்டத்தில்: முதலில் நித்திரை

இந்தக் கட்டத்தில் உங்கள் முதல் வேலை இரவில் நித்திரை கொள்வதுதான். நித்திரை இல்லாத உடம்புக்கு நோவு இரட்டிப்பாகத் தெரியும். மல்லாந்து படுப்பவர்கள், நோகும் பக்கத்தின் மேற்கைக்கும் முழங்கைக்கும் கீழே ஒரு துவாயை நாலாக மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்; அப்போது முழங்கை மெத்தைக்குள் தாழ்ந்து தோளின் முன்பக்கத்தை இழுக்காது. சரிந்து படுப்பவர்கள் சுகமான பக்கம் சரிந்து, ஒரு தடித்த தலையணையை நெஞ்சோடு அணைத்து, நோகும் கையை அதன்மேல் கிடத்த வேண்டும். பாயில் படுப்பவர்களுக்கு எழும்பும்போது கையூன்ற வேண்டியிருப்பதால், சில மாதங்களுக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது.

நோமாத்திரையில் முதலிடம் பரசிற்றமோலுக்கு, அதாவது எல்லோர் வீட்டிலும் இருக்கும் பனடோலுக்கு. வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. உடல் மெலிந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாகவே எடுக்கவேண்டும். தடிமன் மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது என்பதைக் கணக்கில் சேருங்கள். இபுபுறோபன், டைக்குளோபினாக் போன்றவை இந்த அழற்சிக்கு நன்றாக வேலைசெய்யும். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு, குடற்புண், இதய வருத்தம், உயர் குருதியமுக்கம் உள்ளவர்களுக்கு அவை ஆபத்தானவை. சலரோகக்காரரில் பலருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். பார்மசியில் கேட்டு வாங்கிப் போடாமல், வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். இன்னுமொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கார்த்திகை, மார்கழி மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் வந்தால், தோளுக்காக எடுக்கும் இபுபுறோபன், டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகளை அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும். டெங்குவில் இவை குருதிக்கசிவைக் கூட்டும்.

மூட்டுக்குள் போடும் ஸ்ரெரொயிட் ஊசியைப் பற்றி நம்மிடையே பெரும் பயம் இருக்கிறது. பயப்படுமளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து; காலத்தோடு போட்டால்தான் பயன் கூட. அழற்சி கூடிய முதற்கட்டத்தில் போடப்படும் ஒரு ஊசி, சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை நோவைக் கணிசமாகத் தணிக்கும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்க முடிவதுதான் அதன் உண்மையான இலாபம். இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு அதே ஊசியால் பெரிய பயன் இல்லை. சலரோகம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின்னர் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், சீனி ஏறும். எனவே போடுமுன் வைத்தியரிடம் சலரோகம் இருப்பதைச் சொல்லி, அந்த நாட்களில் வீட்டில் சீனியை அளந்து, இன்சுலின் போடுபவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். ஊசி போட்ட மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் உடனே திரும்பிப் போங்கள்.

பயிற்சி என்ற வகையில் இந்தக் கட்டத்துக்கு ஒன்றே போதும்: ஊஞ்சல் பயிற்சி. மேசையில் சுகமான கையை ஊன்றிக் குனிந்து, நோகும் கையைத் துலாவில் கட்டிய வாளிபோலத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை இலேசாக ஆட்டுவதால் கை தானாக முன்னும் பின்னும், பின்னர் தட்டளவு வட்டத்திலும் ஆடவேண்டும். தோள்தசையால் ஆட்டக்கூடாது. ஒவ்வொரு திசைக்கும் பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. இதற்கு மேலே கையை உயர்த்தும், பின்னே இழுக்கும் பயிற்சிகளை யாராவது இப்போது செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நான் மறுக்கவில்லை. நான்காம் மாதத்தில், கை இழுத்துவிடுவதில் பேர்பெற்றவர் என்று சொல்லி என்னை ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு கையால் என் தோளை அமர்த்திக்கொண்டு மறுகையால் என் முழங்கையைக் காதுவரை ஒரே இழுவையில் உயர்த்தினார். உள்ளே ஏதோ கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து மூன்று வாரம் நான் படுக்கவே இல்லை. விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே விடியும்வரை கண் அயர்ந்தேன், இருந்த அசைவிலும் பாதி போய்விட்டது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். மெதுவாகப் போவதே நல்லது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. நெதர்லாந்தில் 77 பேரைக் கொண்டு செய்து 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நோவின் எல்லைக்குள் மென்மையாக அசைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இரண்டு ஆண்டுகளில் நன்கு தேறியிருந்தார்கள். நோவைத் தாண்டி இழுத்துப் பயிற்சி செய்யப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவிலேயே அந்த நிலைக்கு வந்திருந்தார்கள்.

உடுப்புப் போடுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. போடும்போது நோகும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். பெண்கள் முன்பக்கம் கொளுக்கி வைத்த சட்டைகள் இரண்டையாவது தைப்பித்துக்கொள்ளுங்கள். அடுக்களையில் தேங்காய் திருவுவது, அம்மியில் அரைப்பது, மேல்தட்டிலிருந்து போத்தல் எடுப்பது, கிணற்றில் அள்ளுவது ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர்கள் பொறுப்பெடுக்க வேண்டும். அன்றாடம் எடுக்கும் சாமான்களை இடுப்பளவுத் தட்டுக்கு இறக்கிவையுங்கள். அதேவேளை, கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட வேண்டாம். சோறு குழைப்பது, எழுதுவது, துணி மடிப்பது போன்ற தாழ்ந்த வேலைகளை அந்தக் கையே செய்யட்டும்.

இறுக்கக் கட்டத்தில்: நாளாந்தப் பயிற்சி

இரவில் தொடர்ந்து நித்திரை கொள்ள முடிகிறது, சும்மா இருக்கும்போது நோவில்லை என்ற நிலை இரண்டு மூன்று வாரம் நின்றால், இழுவைப் பயிற்சிகளைத் தொடங்கும் காலம் வந்துவிட்டது. முதல் நாள் ஓர் இயன்மருத்துவர் உங்களைப் பார்த்துத் திருத்தவேண்டும். அதன் பின்னர் வேலை முழுவதும் வீட்டில்தான். கிழமைக்கு ஒருமுறை கிளினிக்கில் செய்வதால் மட்டும் எந்தத் தோளும் இளகாது.

தொடங்குமுன் பத்து அல்லது பதினைந்து நிமிடம் சூடு பிடியுங்கள். சுடுநீர்ப் பை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துவாய் போதும். சலரோகத்தால் தோலுணர்வு குறைந்தவர்கள் வீட்டில் வேறொருவரின் கையால் சூட்டைப் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கொப்புளம் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

முதலாவது, வெளித்திருப்பல். இதைத்தான் பலர் விட்டுவிட்டுக் கையை உயர்த்துவதிலேயே நிற்கிறார்கள். என் அனுபவத்தில் வெளித்திருப்பல் திறக்கத் தொடங்கிய பிறகுதான் உயர்த்துவதும் இலகுவாகியது. கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடித்து, தும்புத்தடியின் கம்பை இரு கைகளாலும் குறுக்காகப் பிடியுங்கள். சுகமான கையால் கம்பைத் தள்ள, நோகும் பக்கத்து முன்னங்கை வெளிப்பக்கம் சாயும். இழுவை தெரியும் இடத்தில் நிறுத்தி, 15 இலிருந்து 30 வரை எண்ணி, மெதுவாகத் திரும்புங்கள். ஐந்து தடவை. முழங்கை விலாவை விட்டுக் கழன்றால் பயிற்சியும் கழன்றுவிடும்; இடையில் சிறு துவாய்ச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு, அது விழாமல் பார்த்தால் சரி.

இரண்டாவது, படுத்தபடியே சுகமான கையால் நோகும் கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோவது. மூன்றாவது, சுவரேறல். சுவரைப் பார்த்து நின்று, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் பல்லி ஏறுவதுபோலச் சுவரில் படிப்படியாக ஏறவேண்டும். தோளைக் காதுப்பக்கம் தூக்கி ஏமாற்றக் கூடாது. உடம்பையும் சரிக்கக் கூடாது. நான்காவது, நோகும் கையை நெஞ்சுக்குக் குறுக்காக மறுதோள் பக்கம் அணைத்து இழுப்பது. ஐந்தாவது, துவாய்ப் பயிற்சி: முதுகுக்குப் பின்னால் ஒரு துவாயின் மேல்நுனியைச் சுகமான கை தோளுக்கு மேலாகவும், கீழ்நுனியை நோகும் கை இடுப்பிலும் பிடிக்க, மேற்கை மெல்ல உயர்த்தும்போது கீழ்க்கை முதுகில் ஏறும். இதுவே எல்லாவற்றிலும் நோவு கூடியதும் கடைசியாகத் திரும்புவதும் ஆகும். மற்றவை இளகிய பிறகு இதைச் சேர்த்தால் போதும்.

விறாந்தை வளையில் சிறு கப்பி ஒன்றைக் கட்டி, கயிற்றின் இரு நுனிகளையும் இரு கைகளால் பிடித்து, சுகமான கையைக் கீழே இழுத்து மற்றக் கையை உயர்த்துவதும் நல்ல பயிற்சியே. கிணற்றுக் கப்பியில் தண்ணீர் அள்ளுவதை அதே பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். அது வாளிப் பாரத்தை இழுக்கும் வேலை.

எவ்வளவு நோவு வரை போகலாம் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இழுவை தெரியவேண்டும், பல்லைக் கடிக்க வேண்டிய நோவு தெரியக்கூடாது. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் தோள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. அன்றிரவு நித்திரை குழம்பினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், முற்றாக விட்டுவிட வேண்டாம். ஒரு தடவையில் அரை மணித்தியாலம் செய்வதை விட, காலை, மதியம், மாலை என மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் செய்வது மேல்.

முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாதபடி மெதுவாக வரும், பலர் இரண்டாம் மாதத்திலேயே கைவிடுவதும் அதனால்தான். எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் பென்சிற் கோடுகள் இன்னமும் இருக்கின்றன. சுவரேறலில் நடுவிரல் நுனி எட்டிய இடத்தில், ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு கோடும் பக்கத்தில் மாதத்தின் பெயரும். தை மாதக் கோடு என் மூக்குக்கு நேரே இருக்கிறது, மாசிக் கோடு அதற்கு மேலே ஒரு விரற்கடை, பங்குனிக் கோடு மாசிக் கோட்டின் மேலேயே விழுந்து தடித்துக் கிடக்கிறது. அந்த மாதம் நான் அழுதேன். சித்திரையில் அது நான்கு விரற்கடை ஏறியது. நாளாந்தம் அளக்காதீர்கள், மாதம் ஒருமுறை மட்டும் அளந்து கோடு போடுங்கள்.

எண்ணெயும் ஒத்தடமும்

நமது வீடுகளில் எண்ணெய் பூசாமல் எந்த நோவும் கடந்துபோவதில்லை, அதை நிறுத்தும்படி நான் சொல்லமாட்டேன். இளஞ்சூடான எண்ணெயை உள்ளங்கையால் மெதுவாகத் தேய்ப்பதும், நொச்சியிலை ஒத்தடமும் தோளைச் சுற்றி விறைத்திருக்கும் கழுத்து, முதுகுத் தசைகளைத் தளர்த்தும். பயிற்சிக்கு முன்னர் அது நல்ல ஆயத்தம். எண்ணெய் மூட்டுறைவரை இறங்கிச் சுருக்கத்தை விரிக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். சித்த வைத்தியத்தை நாடுபவர்கள் பதிவுபெற்ற வைத்தியரிடமே போகவேண்டும். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. குடிக்கும் மருந்து தரப்பட்டால் நீங்கள் எடுக்கும் ஆங்கில மருந்துகளின் விபரத்தை அங்கேயும் காட்டுங்கள், சலரோக மாத்திரையை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நேர்த்திக்கடனுக்காகப் பிரதட்டை செய்ய எண்ணியிருப்பவர்கள் அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். இறுகிய தோள்மேல் உடற்பாரம் முழுவதும் புரள்வதை அந்த மூட்டுறை தாங்காது.

சத்திரசிகிச்சை எப்போது

பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் பென்சிற் கோடு ஏறாவிட்டால், என்பியல் சத்திரசிகிச்சை நிபுணருடன் பேசலாம். மூட்டுக்குள் உப்புநீர் செலுத்தி உறையை விரித்தல், மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து உறையை விடுவித்தல், நுண்துளை வழியாக இறுகிய உறையை வெட்டிவிடுதல் என வழிகள் உள்ளன. பிரித்தானியாவில் 503 பேரைக் கொண்டு நடத்தி 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மயக்க மருந்தோடு அசைத்தல், நுண்துளைச் சத்திரசிகிச்சை, ஊசியோடு கூடிய முறையான இயன்மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஓராண்டு முடிவில் நோயாளருக்குப் பெரிதாகத் தெரியக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. எதைச் செய்தாலும் மறுநாளிலிருந்து மேலே சொன்ன பயிற்சிகளைச் செய்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் உறை மீண்டும் இறுகும்.

இளகத் தொடங்கிய பிறகு

கை பெரும்பாலும் திரும்பிய பின்னர், மாதக்கணக்கில் வேலை செய்யாத தசைகளுக்குப் பலம் ஏற்றவேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி யன்னற் கம்பியில் கட்டுங்கள். முழங்கையை விலாவோடு வைத்தபடி அதை வெளிப்பக்கமும், பின்னர் மறுபக்கம் திரும்பி நின்று உட்பக்கமும் இழுங்கள். பத்துத் தடவையில் தொடங்கிக் கிழமைக்குக் கிழமை சிறிது கூட்டுங்கள். கிணற்றில் அள்ளுவதானால் முதலில் அரை வாளி. சைக்கிளில் கைபிடிக்குப் பாரம் கொடுத்து ஓடுவதை இந்த நிலைக்கு முன்னர் தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளின் பின்னரும் சிலருக்கு முதுகுப்பக்க அசைவில் சிறு குறை மிஞ்சும். எனக்கும் மிஞ்சியிருக்கிறது: கொளுக்கியை எட்ட முடிகிறது, அதற்கு மேல் ஒரு சாண் போக முடிவதில்லை. அன்றாட வேலை எதற்கும் அது தடையாக இல்லை.

குணமான அதே தோளில் இது மீண்டும் வருவது அரிது. ஆனால் மற்றத் தோளில் வரலாம், அதிலும் சலரோகக்காரருக்கு வாய்ப்பு அதிகம். நான் மாதம் முதலாம் திகதி கண்ணாடிக்கு முன்னால் நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இரு கதவுகளையும் திறந்து பார்க்கிறேன். வலக்கை இடக்கையை விடக் குறைவாகத் திறக்கும் மாதத்தில், எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அதே கிழமையில் வைத்தியரிடம் போவேன்.